எக்கோப் பெட்டிக்கு விளக்கு வைத்தது

போன வாரம் மல்லாங்கிணற்றில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கடைக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு இருந்தது. அதன் கூரை பழைய ஆப்செட் பிளேட்டு. எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. சிவகாசி அச்சகங்களில் ஓடி முடிந்த அலுமினியத் தகடுகள் எடைக்குப் போகும். போகிற வழியில் சில தகடுகள் குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகும், தண்ணீர் டிரம்முக்கு மூடியாகும், கோழிக்குக் கூரையாகும். அச்சடித்த படத்தின் சாயல் மட்டும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கூரையில் கம்பி மத்தாப்பு பிடித்த ஒரு சிறுமி பாதி தெரிந்தாள். மீதிப் பாதி அடுத்த தகட்டுக்கு அடியில் இருந்தது.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கடைக்கார அம்மா, "கோழி விக்கிறதுக்கு இல்லண்ணே" என்றார்.

கோழி வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். உண்மையில் எனக்கு அந்தத் தகட்டிலிருந்து ஒரு வாசம் வந்துகொண்டிருந்தது. பல வருஷம் வெயிலில் காய்ந்த தகட்டில் கோழி வாசத்தைத் தவிர என்ன இருக்கப்போகிறது. ஆனால் எனக்கு வந்தது மண்ணெண்ணெயும் அச்சு மையும் ஈயம் உருகுகிற புகையும் கலந்த வாசம். ஒரு காலத்தில் என் சட்டை, தலையணை, சோற்றுத் தூக்கு எல்லாமே அந்த வாசம்தான் அடித்தது. அம்மா என் துணிகளைத் தனியாகத்தான் ஊறவைப்பாள்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் எலெக்ட்ரீசியனாகச் சேர்ந்திருந்த காலம் அது. பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் அடிக்கிற அச்சகம். சீசனில் மெஷின் நிற்காது, மெஷின் நிற்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. மோட்டார் எரிந்தால்தான் என்னைத் தேடுவார்கள். அதனால் கையில் நேரம் இருந்தது. அந்த நேரத்தில்தான் நான் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் மைக் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பார்க்கப் போனேன். பாட்டு வராது, தாளமும் வராது. ஆனாலும் மேடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. வயர் மாட்டத் தெரிந்தவனுக்கு அதற்கு ஒரு வழி கிடைத்தது.

குழுவை நடத்தியவர் தங்கவேல் அண்ணாச்சி. விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். கீபோர்டு வாசிப்பார். கடையின் கோடவுனில்தான் எங்களுக்குப் பயிற்சி. மூட்டைகளுக்கு நடுவில் டிரம்ஸ் இருக்கும். பாடுகிற வசந்தாக்கா பல்லவியை எடுத்துவிட்டு, சரணத்துக்கு முன்னால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முவார். எங்கள் குழுவில் எல்லாப் பாட்டிலும் அந்த இடத்தில் இசை கொஞ்சம் நீளமாக இருக்கும். அக்கா தும்முவதற்காக அண்ணாச்சி நீட்டி வாசித்துப் பழகியது, மேடையிலும் அப்படியே நின்றுவிட்டது.

கிடார் வாசித்தவன் முனீஸ். நாரணாபுரத்துக்காரன், என் வயதுதான். அவனுடைய தாத்தா காலம் வரைக்கும் அவர்கள் எங்கள் மாதிரி ஆட்களின் காட்டில் வேலை பார்த்தவர்கள். அப்புறம் மழை பொய்த்தது, கம்பெனிகள் வந்தன, குடும்பமே பட்டாசுக்குப் போய்விட்டது. முனீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அப்பா வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார். அவன் வீட்டில் எனக்கு அடுப்படி வரைக்கும் இடம் இருந்தது. இதை அவன் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

கம்பெனியில் அவனுக்கு வேலை வெடிப்பது. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை உண்டு. செய்த சரக்கில் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, ஷெட்டுகளைத் தாண்டி பொட்டலுக்குப் போய் வெடித்துப் பார்க்க வேண்டும். திரி சரியாகப் பிடிக்கிறதா, நமத்துப்போயிருக்கிறதா, சத்தம் சுருதியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சுருதி என்பது முனீஸ் சொன்ன வார்த்தை, கம்பெனி சொன்னதில்லை. "ஊருல எல்லாவனும் வெடியச் செய்யிறதோட சரி, எனக்கு மட்டும் தெனமும் தீவாளி" என்பான். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வியர்வையில் பஞ்சு ஊறிக் கடிக்கிறது என்று அவன் வைக்கமாட்டான்.

ஒரு நாள் மதுரையிலிருந்து வந்த ஒரு குழுவின் கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் குழுவின் கிடார்காரர் காலடியில் ஒரு பெட்டி இருந்ததாம். வெளிநாட்டுப் பெட்டி. அதை மிதித்துவிட்டு வாசித்தால் ஒரு ஆள் வாசிப்பது மூன்று ஆள் வாசிக்கிற மாதிரி இருந்ததாம்.

"எக்கோ போட்டிருப்பாரு" என்றேன்.

"என்னமும் போட்டிருக்கட்டும். நீ எனக்கு ஒண்ணு செஞ்சு குடு."

அது கிணற்றுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிதான். ஒரு தடவை மீட்டினால் அதே சத்தம் கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை வரும், பிறகு இன்னும் மெல்ல, இன்னும் மெல்ல, தேய்ந்து நின்றுபோகும். அப்படித் திரும்பி வருகிற சத்தத்துக்கு நடுவே இடைவெளி பார்த்து அடுத்ததை வாசித்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும். இடைவெளி தப்பினால் சந்தைக்கடை. அதற்கென்று விற்கிற பெட்டியெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கம் வராது. ஆனால் கோயில் மைக் செட்டில் போடுகிற எக்கோ போர்டு மதுரையில் கிடைக்கும். அதை ஒன்று வாங்கிவந்து, அச்சகத்துக் கழிவில் கிடைத்த பிளேட்டை மடித்துப் பெட்டியாக்கி உள்ளே வைத்தேன். காலால் மிதிக்கிற சுவிட்சுக்கு அலைந்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் பழைய லாரிகளில் டிரைவர் காலால் மிதித்து லைட்டை டிம் பண்ணுவாரே, அந்தச் சுவிட்சை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எடுத்தேன். மிதித்தால் டொக்கென்று கேட்கும். திருகு மூன்று. மார்க்கர் பேனாவால் 'தூரம்', 'தடவை', 'சத்தம்' என்று எழுதி வைத்தேன். பெட்டியின் மேல்பக்கம் ஒரு சக்கர வெடி லேபிளின் சாயல் அப்படியே இருந்தது.

அது வேலை செய்தது. நான் செய்தவற்றில் முதல் தடவையிலேயே வேலை செய்த சொற்பப் பொருள்களில் அது ஒன்று. கோடவுனில் முனீஸ் அதை மிதித்து வாசித்தபோது டிரம்ஸ் வாசிக்கிற பையனே கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அண்ணாச்சி அடுத்த நோட்டீஸில் 'எக்கோ கிடார்' என்று தனியாக அச்சடித்துப் போட்டார். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் எங்களுக்கு ஊர் ஊராக ஆர்டர் வந்தது.

அடுத்த வருஷம்தான் முனீஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தான்.

"திரும்பி வர்ற சத்தம் பத்தல. கொஞ்சம் கூட்டி வை."

கூட்டி வைத்தேன். உள்ளே ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் போதும். கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தான். இன்னும் பத்தவில்லை. மறுபடியும் மாற்றினேன். எனக்கு நன்றாகத்தான் கேட்டது, தேவைக்கு அதிகமாகவே கேட்டது. ஆனால் வாசிக்கிறவனுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். வசந்தாக்கா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, நான் பாடி முடிச்ச பெறகும் அவன் கிடாரு பாடிக்கிட்டே இருக்கு. அத என்னன்னு பாரு" என்றார்.

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு கோயில் பொங்கலில் விஷயம் வெளியே வந்துவிட்டது. பொழுது சாயும்போதே கச்சேரி ஆரம்பித்துவிட்டோம். இரண்டாவது பாட்டில் இடையிசை வந்தது, முனீஸ் பெட்டியை மிதித்தான். அவன் வாசித்தது ஒரு பக்கம் போனது, திரும்பி வந்த சத்தம் இன்னொரு பக்கம் போனது, டிரம்ஸ் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேவிட்டது. அண்ணாச்சி கீபோர்டை ஓங்கி வாசித்து ஒருவழியாகப் பாட்டைக் கரையேற்றினார். முனீஸ் மட்டும் நிமிர்ந்து, எல்லாரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்கிற மாதிரி பார்த்தான். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தப்பு செய்துவிட்ட முகம் அதில்லை.

வேனில் திரும்பி வரும்போது அண்ணாச்சி முன்சீட்டில் இருந்தபடியே சொன்னார். "ஐப்பசியில ஒரு கல்யாண ஆர்டர் இருக்கு, பெரிய எடம். மதுரைல இருந்து ஒரு கிடார் தம்பிய வரச் சொல்லிருக்கேன். சும்மா வந்து உக்காந்திருக்கட்டும்." பெரிய இடம் என்றது எங்கள் அச்சக முதலாளியின் வீடு. அவருடைய மகள் கல்யாணம். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு யாரும் மதுரையிலிருந்து வரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

பெட்டியைப் பிரித்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். குறை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போனேன். அவனுடைய மனைவி ஜோதியும் பட்டாசு வேலைதான், சரவெடி பின்னுவாள். "வாங்கண்ணே, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். நானும் முனீஸும் அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஆனைக்குட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். டிரம்ஸ் பையன்தான் தாளத்தில் முந்தி ஓடிவிட்டானாம்.

குக்கர் விசில் அடித்தது. அவ்வளவு பக்கத்தில் அடித்ததில் எனக்குக் கையில் இருந்த தண்ணீர் சிந்திவிட்டது. முனீஸ் பேச்சை நிறுத்தவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மறுபடியும் அடித்தது. அவன் பேசி முடித்து, அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"ஜோதி, அண்ணனுக்குப் பசிக்கும்லா. குக்கர் வச்சியா இல்லியா?"

"வச்சாச்சு" என்று ஜோதி சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

சாப்பிட்டுக் கைகழுவப் போனபோது பின்னால் தண்ணீர் ஊற்ற வந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டீக" என்றாள்.

"எம்புட்டு நாளா இப்படி?"

"அதான் தெரியல. மொதல்ல போன் அடிச்சாக் கேக்கல. பெறகு குக்கரு. பாப்பா பேசுனாப் பாதி புரிய மாட்டேங்கு. நான் பேசுனாப் புரியும், எனக்குத்தான் தொண்டை பெருசு."

"டாக்டர்ட்டப் போகலாம்ல?"

"கூப்பிட்டா வந்துருவாராக்கும். கச்சேரிக்காரவுகளுக்குத் தெரிஞ்சா நிப்பாட்டிருவாகளாம். கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னன்னு அவருக்குக் கவலையே இல்லண்ணே. கச்சேரிதான் கவலை."

பஸ்ஸுக்கு நடக்கும்போது முனீஸ் கூட வந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இதமாகச் சொல்லுகிற ஆள் இல்லை நான். பேச்சில் எனக்கு எர்த் கனெக்‌ஷன் கிடையாது என்று அச்சகத்தில் சொல்வார்கள்.

"பெட்டில ஒண்ணும் இல்ல முனீசு."

"பின்ன?"

"குக்கர் விசில் அடிச்சுது. நீ திரும்பல."

கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு, "பெட்டியக் குடு" என்று வாங்கிக்கொண்டான். "என் காதுக்கு ஒரு குறையும் இல்ல. நீ செஞ்சது பெட்டி இல்லலே, தகர டப்பா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான். அவன் காதைப் பற்றி வருத்தப்பட்டிருக்க வேண்டிய நான், பஸ்ஸில் சிவகாசி வருகிற வரைக்கும் தகர டப்பா என்று சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை. அண்ணாச்சி கேட்டபோது காய்ச்சல் என்று சொன்னேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்து வாட்ச்மேன் வந்து, உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருக்கிறார் என்றார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முனீஸ் நின்றான். கையில் மஞ்சள் பை, பைக்குள் பெட்டி. தலைமுடியில் இன்னும் மருந்துச் சாம்பல் ஒட்டியிருந்தது. நான் தூக்கைத் திறந்து பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே பேசினான்.

"தடிக் கம்பி கேக்கு. மெலிசுக் கம்பியெல்லாம் எங்கியோ தூரத்துல மழை பெய்யிற மாதிரி இருக்கு. திரும்பி வர்றது சுத்தமாக் கேக்கல."

"பின்ன எப்படி வாசிச்ச?"

"வெரலுக்குத் தெரியும்லா. ஞாபகத்துல வாசிக்கேன். ஆனா இந்தப் பெட்டி சொல்லுறத எப்படி ஞாபகத்துல வைக்க? நான் வாசிச்ச பெறகுல்ல அது சொல்லுது."

"அப்ப பெட்டி இல்லாம வாசி. யாருக்கும் தெரியாது."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "பெட்டி இல்லாட்டா நான் எதுக்கு? சாதாக் கிடார் சத்தம் அண்ணாச்சி கீபோர்டுலயே வருதே. என்னை வச்சிருக்கதே இதுக்காகத்தான்."

அது உண்மை. அந்தக் கீபோர்டை வாங்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். அதில் எல்லாச் சத்தமும் இருந்தது.

முதலில், திரும்பி வருகிற சத்தத்தைத் தடியாக்கிப் பார்த்தேன். ஒரு கெப்பாசிட்டரை மாற்றிக் கூர்மையை வெட்டிவிட்டால் அடிச்சத்தம் மட்டும் வரும். அது அவனுக்குக் கேட்டது. "வருது, வருது" என்றான். ஆனால் மற்றவர்களுக்கு அது பக்கத்துத் தெருவில் யாரோ உரல் இடிக்கிற மாதிரி இருந்தது. வசந்தாக்கா முகத்தைச் சுளித்தார். பழைய கெப்பாசிட்டரையே திரும்பப் போட்டேன்.

எங்கள் அச்சகத்தில் மெஷினை ஓடவிடுவதற்கு முன்னால் ஒரு மணி அடிக்கும். பைண்டிங் பக்கம் மடிப்பு மெஷின் இரைச்சலில் அந்த மணி யாருக்கும் கேட்பதில்லை என்று சொன்னதால், அந்த வருஷம் மணியோடு சேர்த்து ஒரு பல்பை நான்தான் மாட்டியிருந்தேன். மணி அடித்தால் பல்பும் எரியும். தினமும் அந்தப் பல்புக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் சாப்பிட்டேன். முனீசுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்ததும் அங்கே உட்கார்ந்துதான். இருந்தும் அந்த யோசனை வர எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது என்றால் என் மூளையின் வேகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் மேல்பக்கத்தில், சக்கர வெடியின் நடுவில் ஓட்டை போட்டு ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி. வைத்தேன். திரும்பி வருகிற சத்தத்தைக் கொண்டே அதை எரிய வைத்தேன். ஒவ்வொரு தடவை சத்தம் திரும்பும்போதும் விளக்கு மினுங்கும், சத்தம் தேயத் தேய விளக்கும் மங்கும். கோடவுனுக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்னால் முனீஸை வரச்சொல்லி வாசிக்க வைத்தேன். அவன் ஒரு தடவை மீட்டினான். விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. இன்னொரு தடவை மீட்டினான். ரொம்ப நேரம் ஒரே கம்பியை மீட்டிக்கொண்டு விளக்கையே பார்த்தான்.

"இதுதானா வருது?" என்றான்.

"இதுதான்."

"இம்புட்டு மெதுவாவா? நான் இன்னும் வெரசா வரும்னுல்ல நெனச்சேன்."

அப்படித்தான் ஆனைக்குட்டத்தில் டிரம்ஸ் நின்றுபோனது. இப்போது இருவருக்கும் புரிந்தது.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. விளக்கு எரிகிறபோதெல்லாம் ஸ்பீக்கரில் டிக் டிக்கென்று கடிகாரம் மாதிரி ஒரு சத்தம். ஒரே பேட்டரியில் இரண்டையும் ஓட்டினால் அப்படி வரும். வசந்தாக்கா வந்ததும், "எங்கன பல்லி கத்துது?" என்று மூட்டைகளுக்கு நடுவே பார்த்தார். எல்லாரும் தேடினார்கள். முனீஸ் மட்டும், "என்னத்தத் தேடுறீக?" என்று கேட்டான். விளக்கின் பேட்டரியைத் தனியாகப் பிரித்து நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரும் வைத்த பிறகு பல்லி அடங்கியது.

அண்ணாச்சி பெட்டியை உற்றுப் பார்த்தார். "விளக்கு எதுக்குத் தம்பி?"

"அழகுக்கு அண்ணாச்சி."

"ம்" என்றார். மறுநாளிலிருந்து முனீஸின் நாற்காலியை டிரம்ஸுக்குப் பக்கத்தில், டிரம்ஸ் பையனின் கையும் காலும் தெரிகிற மாதிரி போடச் சொன்னார். அவருக்கு எப்போது தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதே இல்லை.

இதற்குள் ஜோதி அவள் பங்குக்கு ஒன்று செய்தாள். புருஷனிடம் சொல்லாமல் அவன் கம்பெனிக்கே போய் ஃபோர்மேனைப் பார்த்து, வெடிக்கிற வேலையிலிருந்து அவனை எடுத்துவிடச் சொன்னாள். அவனைப் பெட்டி ஒட்டுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள். முனீஸ் சில நாள் அவளோடு பேசவில்லை. "பேசாட்டா போறாரு. நான் கத்துறது மிச்சம்" என்றாள் என்னிடம்.

கல்யாண ரிசப்ஷன் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. தீபாவளி முடிந்த கையோடு வைத்த கல்யாணம், அதனால் ஊரில் எல்லாருக்கும் ஓய்வு, மண்டபம் கொள்ளவில்லை. ஜோதியும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். மதுரைத் தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய கிடார் உறைக்குள் சுவரில் சாய்ந்திருந்தது. முனீஸ் மேடை ஏறும்போது அதை ஒரு தடவை பார்த்தான்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் இடையிசை வந்தது. டொக்கென்று மிதித்தான். தலையைக் குனிந்து விளக்கைப் பார்த்துக்கொண்டு வாசித்தான். அவன் வாசித்ததும் திரும்பி வந்ததும் சடை பின்னுகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய்வந்தன. நான் மிக்சரில் கை வைத்தபடி டிரம்ஸ் பையனைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் ஒருவர், "பய எம்புட்டு அடக்கமா வாசிக்கான், நிமிந்தே பாக்க மாட்டேங்கான்" என்றார்.

மூன்றாவது பாட்டில் வீடியோக்காரர் மேடைக்குக் கீழே வந்து நின்றார். அந்தக் காலத்து வீடியோ லைட் தெரியுமில்லையா, பட்டால் முகம் வெந்துபோகும். அதை அவர் முனீஸ் மேல் அடித்தார். அந்த வெளிச்சத்தில் என் சின்ன விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. முனீசுக்கும் தெரியவில்லை. குனிந்து, இன்னும் குனிந்து பார்த்தான். ஒரு சத்தம் தள்ளி விழுந்தது, அடுத்தது இன்னும் தள்ளி விழுந்தது. அண்ணாச்சி கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கினார். மதுரைத் தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நான் மிக்சரை விட்டுவிட்டு ஓடி, லைட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை. வீடியோக்காரர், "ஹலோ, தள்ளுங்க" என்றார். தள்ளவில்லை. "அண்ணே, மறைக்கீக" என்றார். ஆமாம் என்றேன். என் நிழல் பெட்டி மேல் விழுந்தது, விளக்கு தெரிந்தது. எனக்குப் பின்னால் முனீஸ் இடம் பிடித்துக்கொண்டதை முதுகாலேயே கேட்டேன். பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே நின்றேன். முதலாளி முன்னால் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் சலித்துப்போய்ப் பந்திப் பக்கம் போய்விட்டார்.

மதுரைத் தம்பியின் கிடார் உறையிலிருந்து வெளியே வரவில்லை. கிளம்பும்போது அவன் பெட்டியைக் குனிந்து பார்த்து, "இந்த லைட் வச்ச மாடல் எங்கண்ணே கிடைக்கும்?" என்று கேட்டான். அவனுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். அவனுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது.

முனீஸ் அதற்குப் பிறகு பல வருஷம் வாசித்தான். யாரும் அவனை நிறுத்தவில்லை, கச்சேரிகள்தான் நின்றன. முதலில் டிரம்ஸ் பையன் போனான், அந்த இடத்தில் ஒரு மெஷின் வந்தது. பிறகு பென் டிரைவில் மொத்த இசையும் வந்துவிட்டது, பாடுகிறவர்கள் மட்டும் போதும். இப்போது பாடுகிறவர்களும் வேண்டாம், பாக்ஸ் வைத்துப் பாட்டைப் போட்டு ஆடுகிறார்கள். அண்ணாச்சி இறந்துவிட்டார். கோடவுன் இருந்த இடத்தில் செல்போன் ஷோரூம் இருக்கிறது, யாரும் தும்முவதில்லை. வசந்தாக்கா மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். முனீஸ் கம்பெனி வேன் ஒன்றுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற பொறுப்பில் இருக்கிறான். பெட்டி ஒரு மழைக்காலத்தில் வீட்டில் தண்ணீர் வந்தபோது போய்விட்டது.

சில மாதங்களுக்கு முன்னால் அவனுடைய மகள், நர்சு வேலைக்குப் போனவள், அவனைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போய் இரண்டு காதுக்கும் மெஷின் வைத்துக் கொண்டுவந்தாள். முதல் நாளே எனக்குப் போன் செய்தான்.

"ஒங்க முதலாளி வீட்டுக் கல்யாண சிடி இருக்கும்லா. அதக் கேட்டு வாங்கிட்டு வாலே. நான் வாசிச்சத நான் கேக்கவே இல்லியே."

முதலாளி வீட்டம்மா பீரோவைக் குடைந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனீஸ் வீட்டில் உட்கார்ந்து போட்டோம். அவனுடைய மகள் எங்கிருந்தோ ஒரு பழைய பிளேயரைக் கொண்டுவந்திருந்தாள். பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு எல்லாவற்றையும் ஓட்டி ரிசப்ஷனுக்கு வந்தோம். மேடை தெரிந்தது. ஒல்லியாக, மீசையை முறுக்கி விட்ட முனீஸ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். விரல்கள் கம்பி மேல் ஓடின. எங்களோடு இருந்த முனீஸ் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பாட்டு வந்தது. வயலினும் புல்லாங்குழலுமாக ஒரு சினிமாப் பாட்டு. அந்தக் கால வீடியோக்காரர்கள் கல்யாணச் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டு போட்டுவிடுவார்கள். எனக்கு அது தெரியும், மறந்துபோயிருந்தது.

"சத்தத்தக் கூட்டு" என்றான்.

"இது வேற பாட்டுப்பா" என்றாள் மகள். "ஒங்களது இல்ல."

அவன் கொஞ்ச நேரம் அந்தப் பாட்டையே கேட்டான். பிறகு ஜோதியைத் திரும்பிப் பார்த்து, "நீ இருந்தியே அங்கன. எப்படி இருந்துச்சு?" என்றான்.

ஜோதி யோசித்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"நல்லான்னா?"

"அத எப்படிச் சொல்ல? நல்லா இருந்துச்சு."

அதற்குள் திரையில் ஒரு ஆள் ஏறி வந்து நின்றான். நான்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, அக்குள் வரைக்கும் வியர்வை. என் முழங்கைக்கு அடியில் கிடாரின் ஓரமும் முனீஸின் இரண்டு விரலும் மட்டும் தெரிந்தன. அவ்வளவுதான் அதில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கேமரா எங்களை விட்டுவிட்டுப் பந்திக்குப் போனது. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வெளிச்சம் பட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே சாப்பிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. அவர்கள் எல்லாரும் அவன் வாசித்ததைக் கேட்டவர்கள்.